கியரை மாற்றும் கணினிக்குச் சாலை தெரியாது

காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் வண்டி திரும்பியதும், ஆனி ஆடி மாதங்களில் காற்று நேர் எதிரே வந்து மோதும். சாலை தட்டையாகத்தான் கிடக்கும். ஏற்றமும் இல்லை, முன்னால் லாரியும் இல்லை. ஆனாலும் ஆறாவது கியரில் அமைதியாக வந்துகொண்டிருந்த ஆட்டோமேட்டிக் கார் தானாக ஐந்தாவதுக்கு இறங்கும். இன்ஜின் சத்தம் கொஞ்சம் கூடும். சிறிது தூரம் போனால் மறுபடி ஆறு. புதிதாக ஆட்டோமேட்டிக் வாங்கியவர் இதைப் பார்த்துக் கவலைப்படுவது இயல்புதான், ஆனால் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கணவாய் வழியாக வரும் மேல்காற்றை எதிர்த்துப் போகக் கூடுதல் இழுவை வேண்டும் என்று கியரை நடத்தும் கணினி கண்டுபிடித்துவிட்டது. அத்தனைக்கும் காற்றை அளக்க அதனிடம் எந்தக் கருவியும் கிடையாது.

பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கணினிக்குச் சாலை மேடா பள்ளமா என்பது நேரடியாகத் தெரியாது. உள்ளே இருப்பது இரண்டு பேரா, குற்றால சீசனுக்குக் கிளம்பிய ஏழு பேரா என்பதும் தெரியாது. அதற்கு வந்து சேருவது சில எண்கள். இன்ஜின் என்ன வேகத்தில் சுற்றுகிறது, கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டு என்ன வேகம், வெளியே போகும் தண்டு என்ன வேகம், ஆக்சிலரேட்டரைக் கால் எவ்வளவு அழுத்தியிருக்கிறது, ஆயில் எவ்வளவு சூடு, லிவர் எந்த இடத்தில் நிற்கிறது, பிரேக்கில் கால் இருக்கிறதா. மிச்சம் எல்லாவற்றையும் இந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டு அது ஊகிக்கிறது. ஊகித்த பிறகு அது வெளியே அனுப்புவதும் சிறிய மின்சாரம்தான். சில காயில்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஓர் ஆம்பியர் வரை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பாளையங்கோட்டையிலும் அம்பையிலும் வள்ளியூரிலும் தென்காசியிலும் ஆட்டோமேட்டிக் வண்டிகள் இப்போது சாதாரணமாகிவிட்டன. வண்டி இழுக்கவில்லை, கியர் மாறவில்லை என்று போய் நின்றால், “பாக்ஸ் போச்சு அண்ணாச்சி, இறக்கிப் பாத்துரலாம்” என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடுகிறது. பாக்ஸை இறக்கிப் பிரித்தால் செலவு பல பத்தாயிரங்களில் தொடங்கும். ஆனால் ஒரு சென்சார் தவறான எண்ணைக் கொடுத்தாலும், ஒரு காயிலுக்கு மின்சாரம் போய்ச் சேராவிட்டாலும், வெளியே தெரியும் அறிகுறி அதேதான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களால் மட்டுமே இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும்.

முதலில் இரும்பு வேலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மஹிந்திரா தார், டொயோட்டா இனோவா கிரிஸ்டா போன்ற வண்டிகளின் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே வழக்கமான கிளட்ச் பிளேட் இருக்காது, ஆயில் நிறைந்த வட்டக் கூடு ஒன்று இருக்கும். இன்ஜினோடு சுற்றும் இறகுகள் ஆயிலைச் சுழற்றி அடிக்க, எதிரே இருக்கும் இறகுகள் அந்த ஓட்டத்தில் சுற்றும். நடுவில் உள்ள ஸ்டேட்டர் ஆயிலைச் சரியான கோணத்தில் திருப்பிவிடுவதால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முறுக்கு விசை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை பெருகும். இதற்குப் பின்னால் கோள் பல்சக்கரத் தொகுதிகள். நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சிறிய சக்கரங்கள், வெளியே உட்பக்கம் பல் வைத்த வளையம். மூன்றில் ஒன்றை நிறுத்திப் பிடித்து, இன்னொன்றில் விசையைக் கொடுத்தால் மூன்றாவதில் வேறொரு வேகம் வெளிவரும். எதைப் பிடிக்கிறோம், எதை எதோடு பிணைக்கிறோம் என்பதை மாற்றினால் கியர் மாறிவிடும். பற்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும், மேனுவல் வண்டி போல எதுவும் நகர்ந்து போய்ச் சேருவதில்லை. பிடிப்பதும் பிணைப்பதும் ஆயிலுக்குள் மூழ்கிய பல அடுக்குக் கிளட்ச் தட்டுகளின் வேலை. ஆறு கியர் பாக்ஸ்கள் பலவற்றில் இப்படி ஐந்து தொகுதிகள் உண்டு. எந்த முன் கியரிலும் இரண்டு பிடித்திருக்கும். அவற்றில் ஒன்றை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தால் அடுத்த கியர்.

இதைக் கணினி இல்லாமலே ஒரு காலத்தில் செய்தார்கள். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் பாக்ஸை அறிமுகப்படுத்தியது. 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அது வந்தது. அந்தத் தலைமுறைப் பாக்ஸ்களில் வெளித்தண்டோடு சுற்றும் கவர்னர் ஒன்று வேகத்துக்கு ஏற்ப ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும். ஆக்சிலரேட்டரோடு இணைந்த வால்வு, காலின் அழுத்தத்துக்கு ஏற்ப இன்னொரு அழுத்தத்தைக் கொடுக்கும். இரண்டும் ஒரு சிறிய உருளை வால்வின் இரு முனைகளிலும் எதிரெதிராகத் தள்ளும். வேகத்தின் அழுத்தம் ஜெயித்தால் மேல் கியர், காலின் அழுத்தம் ஜெயித்தால் கீழ் கியர். துளி மின்சாரம் இல்லாமல், ஆயிலும் ஸ்பிரிங்கும் மட்டுமே சேர்ந்து போட்ட கணக்கு. இந்த வால்வுகள் அடங்கிய பழைய வால்வு பாடி ஒன்றைப் பிரித்து மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தால், இதை யோசித்தவர்கள் மேல் பெரிய மரியாதை வரும். எனக்கு இன்றும் வருகிறது.

அதன் குறை என்னவென்றால், ஸ்பிரிங்கின் விறைப்பு தொழிற்சாலையில் வைத்தது வைத்ததுதான். ஆயில் சூடானால், தட்டு தேய்ந்தால், வண்டி மலை ஏறினால் அந்தக் கணக்கு தன்னைத் திருத்திக்கொள்ளாது. 1960-களின் கடைசியில் பிரான்சின் ரெனோ 16 காரில் மின்னணுக் கட்டுப்பாடு எட்டிப் பார்த்தது. 1980-களில் நுண்செயலிகள் மலிவானதும் ஜப்பானிய, ஜெர்மானிய வண்டிகளில் அது பரவலாக வந்தது. 2001-ல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசையில் வந்த இசட்.எஃப். ஆறு கியர் பாக்ஸில் கணினியே பாக்ஸுக்குள் போய், சூடான ஆயிலுக்கு நடுவே வால்வு பாடியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

இவ்வளவு மாறியும் கிளட்ச் தட்டுகளை அழுத்துவது இன்றைக்கும் ஆயில்தான். மின்சாரம் எதையும் நேரடியாகத் தள்ளுவதில்லை. கன்னடியன் அணைக்கட்டில் தேங்கி நிற்கும் தாமிரபரணித் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். மடைக் கதவைத் தூக்குகிறவர் தண்ணீரைத் தள்ளுவதில்லை, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று வழிதான் விடுகிறார், வயலை நிரப்பும் வேகம் தண்ணீருடையது. கியர்பாக்ஸில் அந்தத் தேக்கத்தை உண்டாக்குவது இன்ஜினோடு சுற்றும் பம்ப். வாய்க்கால்கள் எல்லாம் வால்வு பாடி என்ற அலுமினிய வார்ப்புக்குள் வெட்டிய வழிகள். காயிலில் மின்சாரம் பாய்வதற்கு ஏற்பத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வுகள்தான் மடைகள். இன்ஜின் சும்மா ஓடுகையில் சில பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் நிற்கும் ஆயில் அழுத்தம், மிதித்து இழுக்கையில் 15, 20 பார் வரை ஏறும். விரல் அளவு காயில் ஒன்று இவ்வளவு அழுத்தத்தை ஆள்வது இப்படித்தான்.

சொலினாய்டுகளில் இரண்டு இனம். ஒன்று திறந்தால் முழுதாகத் திறக்கும், மூடினால் முழுதாக மூடும். இன்னொன்று கொடுக்கிற மின்னோட்டத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கும். இப்போதைய பாக்ஸ்களில் முக்கிய வேலையெல்லாம் இரண்டாவது இனத்துடையது. இதற்குக் கணினி நேரான மின்சாரத்தை அனுப்பாமல், ஒரு நொடிக்குள் பல நூறு முறை போட்டுப் போட்டு நிறுத்துகிறது. போட்டிருக்கும் நேரம் கூடினால் சராசரி மின்னோட்டம் கூடும். காயிலில் உண்மையாகவே எவ்வளவு ஓடுகிறது என்பதையும் அது திரும்ப அளந்துகொள்ளும், ஏனென்றால் சூடான காயிலில் மின்தடை கூடி, அதே வோல்ட்டுக்குக் குறைந்த மின்னோட்டமே ஓடும். காயிலின் மின்தடை பொதுவாகச் சில ஓம்களிலிருந்து 15 ஓம் வரை இருக்கும். அதனால் இடையில் ஒரு கனெக்டரில் துரு பிடித்து இரண்டு ஓம் கூடினால்கூட அது சின்ன விஷயம் ஆகாது.

சரி, உள்ளே வரும் எண்களுக்கு வருவோம். தண்டின் வேகத்தை அளக்க அதன் மேல் பல் வைத்த வளையம் ஒன்று சுற்றும், பக்கத்தில் ஒரு சென்சார் நிற்கும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு மின்துடிப்பு. வளையத்தில் 40 பல் இருக்கிறது, தண்டு நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 25 சுற்று, ஆக நொடிக்கு 1,000 துடிப்பு. கணினி இவற்றை எண்ணுகிறது, அவ்வளவே. ஆனால் உள்தண்டு, வெளித்தண்டு என்று இரண்டு எண்கள் கையில் கிடைத்தவுடன் அதற்கு ஒரு பெரிய உண்மை தெரிந்துவிடுகிறது. உள்ளே 2,400, வெளியே 1,600 என்றால் விகிதம் 1.5. மூன்றாவது கியரின் விகிதம் 1.5 என்று அதன் நினைவகத்தில் இருக்கிறது, அதனால் மூன்றாவது கியர் சரியாகப் பிடித்திருக்கிறது. அதே கியரில் உள்ளே 2,700 வந்தால்? எங்கோ ஒரு கிளட்ச் வழுக்குகிறது. மெக்கானிக் காதால் கேட்டும் காலால் உணர்ந்தும் சொல்ல வேண்டியதை, இரண்டு எண்களை வகுத்தே அது கண்டுபிடிக்கிறது. என் மதிப்பில் இந்த முழு ஏற்பாட்டிலும் முக்கியமான கணக்கு இந்த வகுத்தல்தான்.

கியரை எப்போது மாற்றுவது என்பதற்கு நினைவகத்தில் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் வண்டியின் வேகம், மறுபக்கம் கால் மிதித்த அளவு. இவ்வளவு வேகம், இவ்வளவு மிதி என்றால் இந்தக் கியர். மேலே ஏறும் கோடும் கீழே இறங்கும் கோடும் ஒன்றாக இருக்காது. உதாரணத்துக்கு நான்கிலிருந்து ஐந்துக்கு 60 கிலோமீட்டரில் ஏறும் என்றால், அதே மிதியில் ஐந்திலிருந்து நான்குக்கு 50-க்குப் பக்கத்தில்தான் இறங்கும். இடைவெளி இல்லாவிட்டால், 60-ஐ ஒட்டியே ஓடும் வண்டி நொடிக்கு ஒருதரம் கியரை மாற்றி மாற்றி ஆளைப் படுத்திவிடும்.

எதிர்காற்றும் ஏற்றமும் கணினிக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கான விடை இங்கேதான் வருகிறது. இன்ஜின் இப்போது எவ்வளவு முறுக்கு விசை தருகிறது என்பதை இன்ஜின் கணினி சொல்லிவிடும். வெறும் வண்டியின் எடை தெரியும், கியர் விகிதம் தெரியும். இவ்வளவு விசைக்குத் தட்டையான சாலையில் வேகம் இந்த அளவுக்கு ஏற வேண்டும் என்று அது கணக்கிடுகிறது. வெளித்தண்டின் துடிப்புகளிலிருந்து உண்மையில் வேகம் எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறது. எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஏறினால், ஏதோ ஒன்று வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. அது காற்றா, மேடா, டிக்கியில் ஏற்றிய அரிசி மூட்டையா என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்: கீழ் கியருக்கு இறங்கு, மேல் கியருக்கு அவசரப்படாதே.

புளியரை மலைப்பாதையில் இதன் அருமை நன்றாகத் தெரியும். செங்கோட்டையிலிருந்து கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிய லாரிகள் எஸ் வளைவில் ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் போகும் கார் வளைவுக்கு முன்னால் காலைத் தூக்கும். காலைத் தூக்கினால் அட்டவணைப்படி மேல் கியருக்குப் போக வேண்டும். போனால், வளைவு முடிந்து மறுபடி மிதிக்கும்போது இழுவை இல்லாமல் திணறி, உடனே திரும்ப இறங்க வேண்டியிருக்கும். ஏற்றத்தை ஊகித்துவிட்ட கணினி அந்த இடத்தில் அட்டவணையை ஒதுக்கிவைத்துவிட்டு, இருக்கிற கியரையே பிடித்துக்கொள்ளும். கோட்டைவாசலில் இருந்து இறங்கும்போது இதன் மறுபக்கம்: ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, ஆனால் வேகம் கூடுகிறது, டிரைவர் பிரேக்கைத் தொடுகிறார். அப்படியானால் இறக்கம். கியரைக் குறைத்து இன்ஜினையே பிடிமானமாக்குகிறது. எல்லா வண்டியும் இதை ஒரே அளவுக்குத் திறமையாகச் செய்யாது. மலை இறங்கும்போது மேனுவல் முறைக்கு மாற்றி நாமே கியரைப் பிடித்துவைப்பது எந்த வண்டிக்கும் நல்லது.

இனி ஒரு கியர் மாறும் அந்த அரை நொடிக்குள் நுழைந்து பார்க்கலாம். மூன்றிலிருந்து நான்கு என்று முடிவானதும், புதிதாகப் பிடிக்க வேண்டிய கிளட்சுக்குக் கணினி ஒரு கணம் அதிக அழுத்தத்தில் ஆயிலை விடுகிறது. பிஸ்டனுக்கும் தட்டுகளுக்கும் நடுவே இருக்கும் சிறிய இடைவெளி நிரம்ப வேண்டும், ஆனால் தட்டுகள் இன்னும் பிடிக்கக் கூடாது. நிரம்பியதும் அழுத்தத்தைச் சட்டென்று தணித்து, பிறகு மெல்ல ஏற்றும். புதிய கிளட்ச் சுமையை ஏற்க ஏற்க, பழைய கிளட்சின் அழுத்தத்தை அதே அளவில் இறக்கும். பழையது முன்கூட்டியே விட்டுவிட்டால் இன்ஜின் ஒரு கணம் உறுமி எகிறும். விடத் தாமதித்தால் இரண்டும் சேர்ந்து பிடித்து, வண்டி பிரேக் போட்டதுபோல் குலுங்கும். சுமை கைமாறியதும் உள்தண்டின் வேகம் புதிய விகிதத்துக்கு இறங்க வேண்டும். அந்த நேரத்தில் இன்ஜின் கணினியிடம் இழுவையைச் சற்றுக் குறைக்கச் சொல்கிறது. பெட்ரோல் இன்ஜினானால் தீப்பொறி கொஞ்சம் தாமதமாக விழும், டீசலானால் எரிபொருள் சற்றுக் குறையும். உள்தண்டு புதிய வேகத்தைத் தொட்டதும் இன்ஜின் பழையபடி இழுக்கும், கிளட்ச் முழு அழுத்தத்தில் பூட்டிக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு கணினிகளுக்கும் நடுவே இந்தப் பேச்சு நடப்பது கேன் என்ற வயர் ஜோடியில். பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய முறை இது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்களில் வண்டியின் எல்லாக் கணினிகளும் பேசிக்கொள்ளும். அதன் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருப்பதால், பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயர்களுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. மலிவான மீட்டர் ஒன்று போதும் இந்தச் சோதனைக்கு. வண்டியின் கணினியைப் படிக்கும் பெரிய ஸ்கேனர் இல்லாத ஒர்க்‌ஷாப்பிலும் செய்யலாம்.

கணினி கற்றுக்கொள்ளவும் செய்கிறது. கிளட்ச் தட்டு தேயத் தேய இடைவெளி கூடும், நிரப்ப ஆயில் அதிகம் வேண்டும். கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் இன்ஜின் எகிறியதா, குலுங்கியதா என்று உள்தண்டின் வேகத்தைப் பார்த்து, அடுத்த தடவைக்கு நிரப்பும் நேரத்தையும் அழுத்தத்தையும் துளி திருத்திக்கொள்கிறது. பல ஆண்டு ஓடிய பாக்ஸ் இன்னும் வழவழப்பாக மாறுவதற்கு இதுதான் காரணம். ஆனால் வால்வு பாடியையோ கிளட்சையோ ஆயிலையோ மாற்றிய பிறகு பழைய பாடம் நினைவில் இருந்தால் அது தப்பான பாடம். ஸ்கேனரில் அதை அழித்து, வண்டி சொல்லும் முறைப்படி ஓட்டிப் புதிதாகப் பழக்க வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, “ஓட ஓடச் சரியாயிரும்” என்று சொல்வது சரியான வேலை ஆகாது.

கோளாறு வந்தால் என்ன செய்கிறது என்பதைத்தான் எல்லாரும் முக்கியமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வர வேண்டிய எண் வரவில்லை, அல்லது வந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால், கணினி தன்மேல் நம்பிக்கை வைப்பதை நிறுத்திவிட்டு சொலினாய்டுகளுக்கான மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மின்சாரமே இல்லாதபோது ஆயில் எந்த வழியே ஓட வேண்டும் என்பதை வால்வு பாடியை வடிவமைத்தவர்கள் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்: ஒரே ஒரு முன் கியர், பல வண்டிகளில் மூன்றாவது அல்லது அதற்குப் பக்கத்தில், அப்புறம் ரிவர்ஸ். அழுத்தம் உச்சத்தில் நிற்கும், எந்தக் கிளட்சும் வழுக்கி எரிந்துவிடக் கூடாது என்பதற்காக. அதனால்தான் அந்த நிலையில் டி-க்குப் போடும்போது பலமாக ஓர் உதை விழுகிறது, மூன்றாவதில் கிளம்புவதால் வண்டி மந்தமாக நகர்கிறது, 60, 70-க்கு மேல் இன்ஜின் கத்துகிறது. உதையும் மந்தமும் பாக்ஸ் உடைந்ததற்கு அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். பாக்ஸைக் காப்பாற்ற வேண்டுமென்றே செய்து வைத்த ஏற்பாடு அது.

இந்த நிலையில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. ஓடும் இன்ஜினில் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவே வோல்ட் வர வேண்டும். அடுத்து எர்த் வயர். அப்புறம் ஸ்கேனர். அதில் பி 0700 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் கியர்பாக்ஸ் கணினி புகார் வைத்திருக்கிறது என்று மட்டுமே பொருள், அதனிடம் போய் விவரம் கேட்க வேண்டும். பி 0715 உள்தண்டு வேக சென்சாரின் மின்வழி, பி 0720 வெளித்தண்டுடையது. பி 0730 விகிதம் பொருந்தவில்லை, பி 0750 ஒரு சொலினாய்டு. யு 0101 வந்தால் கியர்பாக்ஸ் கணினியோடு பேச்சே நின்றுபோயிருக்கிறது. இவற்றில் வகுத்தல் கணக்கில் பிறந்த பி 0730 ஒன்றுதான் கிளட்ச் வழுக்கலைக் காட்டக்கூடியது, அதுவும் சென்சார் இரண்டும் சரியான எண்ணைக் கொடுத்தால் மட்டும். மற்றவை பெரும்பாலும் மின்வழிக் கோளாறுகள். நம் பக்கம் வயல் ஓரமும் களத்து ஓரமும் நிறுத்திவைக்கும் வண்டிகளில் எலி வயரைக் கடிப்பது சாதாரணம். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கனெக்டர் பின்களைப் பச்சை பூக்கவைத்துவிடும். பாக்ஸின் உள்ளிருந்து வரும் வயர்களின் இழைகளுக்கு நடுவே ஆயிலே ஏறி வந்து கனெக்டரில் கசிவதும் உண்டு. இதையெல்லாம் பார்க்க ஒரு மணி நேரம் ஆகலாம். பாக்ஸை இறக்கும் முன் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குவது வண்டிக்காரரின் உரிமை. ஓடும்போது உள்தண்டு, வெளித்தண்டு வேகங்களை ஸ்கேனர் திரையில் காட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த நல்ல மெக்கானிக்கும் முகம் சுளிக்க மாட்டார்.

மற்ற வகை ஆட்டோமேட்டிக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014-ல் மாருதி செலேரியோவில் தொடங்கிய ஏ.எம்.டி. வகைதான் குறைந்த விலை வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. அதில் சாதாரண மேனுவல் பாக்ஸும் ஒற்றைக் கிளட்ச் பிளேட்டும்தான் இருக்கும், காலும் கையும் செய்த வேலையைக் கணினியின் சொல்படி மோட்டாரோ ஆயில் அழுத்தமோ செய்யும். கியர் மாறும்போது இழுவை அறுந்து திரும்ப வருவதால் தலை முன்னால் போய் வரும். காலை லேசாகத் தூக்கிக் கொடுத்தால் அது குறையும். டி.சி.டி. வகையில் இரண்டு கிளட்ச், அடுத்த கியர் முன்பே கோத்துத் தயாராக நிற்கும். சி.வி.டி.-யில் படிக்கட்டுக் கியரே கிடையாது, இரண்டு கப்பிகளின் அகலத்தை ஆயில் அழுத்தம் மாற்றும். ஏ.எம்.டி.-யும் ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் டி.சி.டி.-யும் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும்: சரிவில் நெரிசலில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்துவைக்கக் கூடாது. அப்போது கிளட்ச் வழுக்கிக்கொண்டே நிற்கிறது. சீசன் சமயத்தில் குற்றாலத்துச் சரிவுகளில் இப்படி நின்றே கிளட்சைக் கருக்கிவிடலாம். பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள்.

சூடு இந்தப் பக்கத்து வண்டிகளுக்குத் தனிப் பிரச்சினை. பாக்ஸ் ஆயில் 80 முதல் 95 டிகிரி வரை இருப்பது வழக்கம். 120-ஐத் தாண்டினால் ஆயில் வேகமாகக் கெடும். ஆயில் சூடாவது பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டருக்குள் நடக்கும் வழுக்கலால். அதனால் சூடு ஏறுகிறது என்று தெரிந்ததும் கணினி, கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பூட்டுக் கிளட்சை முன்கூட்டியே பிடித்து வழுக்கலை நிறுத்தப் பார்க்கும். ஆயிலின் அளவை ஆறிய பாக்ஸில் பார்த்து நிரப்புவது தவறு. டிப்ஸ்டிக் இல்லாத பாக்ஸ்களில் இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கையில் பார்க்க வேண்டும், அந்தச் சூட்டை ஸ்கேனரில்தான் படிக்க முடியும். “ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்” என்ற விளம்பர வாக்கியத்தை நம் வெயிலிலும் நெரிசலிலும் ஓடும் வண்டிக்கு நான் ஏற்க மாட்டேன்.

கடைசியாக வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் மழை கொட்டியது, தாமிரபரணி கரையை மீறி நெல்லை ஜங்ஷனுக்குள் வந்தது. அன்று தண்ணீரில் நின்ற வண்டிகளில் சில பின்னாளில் பழைய கார் சந்தைக்கு வந்திருக்கக்கூடும். பாக்ஸின் மேல் காற்றுப் போக்குக்கு ஒரு சிறிய மூச்சுக்குழாய் உண்டு. சூடான பாக்ஸ் சட்டென்று தண்ணீரில் மூழ்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற நார்ப்பொருள். தண்ணீர் பட்டால் ஊறி, பசை விட்டு, சில மாதங்களில் உதிரும். அதுவரை வண்டி நன்றாகவே ஓடுவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆகவே ஆட்டோமேட்டிக் வண்டியைப் பழையதாக வாங்கும்போது ஆயிலைச் சிறிது எடுத்துப் பார்க்க வேண்டும். பால் கலந்ததுபோல் இருந்தால் அந்த வண்டி வேண்டாம். கியர்பாக்ஸ் கணினியின் கனெக்டரைக் கழற்றிப் பின்களில் பச்சையோ மண் தடமோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

நம் வண்டியே மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யக் கூடாது, சாவியைப் போட்டு மின்சாரம் கொடுக்கவும் கூடாது, பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். இன்ஜின் சுற்றாவிட்டால் பம்ப் சுற்றாது, பம்ப் சுற்றாவிட்டால் பல்சக்கரங்களுக்கு ஆயில் போகாது, ஆனால் சாலையில் உருளும் சக்கரங்கள் உள்ளே பாக்ஸைச் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்சக்கர இழுவை வண்டியானால் முன்சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கி இழுக்கலாம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் மொத்தமாகத் தட்டு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.